காரணம் எழுதும் கட்டம்

நொயேமி அர்கெட்டா அன்றைக்குப் பத்து நிமிடம் தாமதம். மேலுடுப்பு, தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அவள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது, வகுப்பிலிருந்த பத்துப் பேரும் சாவு வீட்டில் நிற்பதுபோலக் கண்ணாடிக் கலத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பி அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை. அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

மூன்று லிட்டர் கலம். இருபது நாளாக அதில் ஹாம்ஸ்டர் எலியின் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மருந்து ஆலைகளில் இதையே வீட்டளவு தொட்டிகளில் வளர்த்து, புற்றுநோய்க்கு ஊசிமருந்து எடுக்கிறார்கள். இங்கே, ஒக்லாந்துக்குத் தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டிய சமுதாயக் கல்லூரியில், அதை மூன்று லிட்டரில் பழகினார்கள். நேற்றுவரை தெளிவாக இருந்த திரவம் இன்றைக்குக் கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கலங்கிக் கிடந்தது. ஏதோ கிருமி உள்ளே போய், எலிச் செல்களைத் தின்று தீர்த்துவிட்டுத் தான் பெருகியிருக்கிறது.

ஆசிரியர் பிரெண்டன் ஸ்லேட்டரி நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். இருபத்திரண்டு வருடம் மருந்து ஆலையில் வேலை பார்த்துவிட்டு வாத்தியாரானவர். கெட்டவர் இல்லை. ஆனால் தான் நினைத்ததை உலகமும் நினைத்தாக வேண்டும் என்கிற ரகம்.

"ஈஸ்ட்டு," என்றார். "மொட்டு விட்டுக்கிட்டு நல்லா கொழுகொழுன்னு இருக்கு. சந்தேகமே இல்ல."

ஈஸ்ட் என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், பத்துத் தலையும் ஒன்றாக நொயேமி பக்கம் திரும்பின. அவள் விடிவதற்கு முன்பே எழுந்து ஒரு சால்வடோர் நாட்டுப் பேக்கரியில் மாவு பிசைகிறவள் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் வைத்து அவள் கொடுத்த செமித்தா ரொட்டியைத் தின்று நாக்கைச் சப்புக்கொட்டியவர்கள்தான் அத்தனை பேரும்.

"மாவு பொங்கிடுச்சு. அக்கா, அடுப்ப மூட்டுங்க, பீட்சா போட்டுரலாம்," என்றான் ப்ரைஸ். இருபது வயது. ஹுட் என்று சொல்லும் சுத்தக் காற்றுப் பெட்டிக்குள் கையை விடும்போதுகூட வாயை மூடத் தெரியாதவன். ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"உன் வாயில முதல்ல தாப்பா போடு. அதுலேர்ந்து விழுந்ததா இருக்கும்," என்றாள் நொயேமி.

சிரிப்பு நின்றது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வயதில் தன் நாட்டில், சான் மிகெல் ஊரில் ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முழங்கைவரை கை கழுவித்தான் எதையும் தொட்டிருக்கிறாள். இந்தப் பிள்ளைகளுக்குக் கை கழுவுவது என்றால் என்னவென்று ஸ்லேட்டரி படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தபோது, அவளுக்கு மட்டும் அந்த வகுப்பு தேவைப்படவில்லை. அவளைப் போய் அழுக்கு என்கிறார்கள். நெஞ்சு எரிந்தது.

"நான் யாரையும் குத்தம் சொல்லல," என்றார் ஸ்லேட்டரி. அப்படி ஆரம்பித்தாலே அடுத்தது குற்றச்சாட்டு என்று அர்த்தம். "ஆனா நீயே யோசி. காலையில பத்து மணிவரைக்கும் ஈஸ்டுல நிக்கிற. ஒரு மணிக்கு இங்க வர்ற. தலைமுடி, காது மடல், நகக்கண்ணு... எவ்வளவு கழுவுனாலும் போகாது. ஆலையில இதத்தான் முதல்ல பார்ப்பாங்க."

நொயேமி கலத்தின் மாதிரிக் குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்து, முகமூடியை இறக்கி முகர்ந்தாள்.

"இங்க எதையும் மோந்து பார்க்கக் கூடாது!"

"தெரியும் சார். மன்னிச்சுக்குங்க. ஆனா இது என் ஈஸ்ட்டு இல்ல. என் ஈஸ்ட்டு இவ்வளவு பெருகியிருந்தா இந்த ரூமே புளிச்ச வாடை அடிச்சிருக்கும். இது ஈரத்துணிய மூலையில போட்ட நாத்தம். வேற ஏதோ."

"மூக்க சாட்சியா எழுத முடியாது, நொயேமி."

"சரி. அப்ப எழுதக்கூடிய சாட்சிய எடுப்போம்."

ஸ்லேட்டரி கலத்தில் பிளீச்சை ஊற்றச் சொல்லி முடிப்பதற்குள் அவள் இரண்டு சிறு குழாய்களில் திரவத்தைப் பிடித்து மூடி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டிவிட்டாள். பிறகு அலமாரியிலிருந்து வளர்ப்புத் தட்டுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக அடுக்கினாள். உள்ளங்கையளவு வட்டத் தட்டு; உள்ளே கடற்பாசிக் கூழ். அதில் விரலை ஒற்றி மூன்று நான்கு நாள் கதகதப்பில் வைத்தால், விரலில் என்ன ஒட்டியிருந்ததோ அது புள்ளி புள்ளியாக முளைத்து ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

"எல்லாரும் விரல் வைங்க. இப்ப எப்படி நிக்கிறீங்களோ அப்படியே, கிளவுசோட. அஞ்சு விரலும், கை ஓரமும். நானும் வைக்கிறேன். கலத்துலேர்ந்து ஒரு தட்டு, எங்க கடை ஈஸ்டுலேர்ந்து ஒரு தட்டு. முளைக்கட்டும், பார்ப்போம்."

"அவங்க மேல சந்தேகம் வர எதுவும் இல்லையே," என்றார் ஸ்லேட்டரி. வெந்நீர்த் தொட்டியில் சூடாகிக்கொண்டிருந்த ஊட்டத் திரவ பாட்டிலை எடுத்து நீரை உதறிக்கொண்டே சொன்னார். திங்களன்று புதுக் கலம் ஆரம்பிக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு.

"என் மேல மட்டும் என்ன இருக்கு? நான் ரொட்டி சுடுறேன், அவ்வளவுதானே? நீங்களும் வைங்க சார்."

"நானா?"

"நீங்களும் கலத்தத் தொட்டீங்கள்ல?"

யாரோ இருமினார்கள். முதலில் தியோதுலோ மக்பனுவா முன்னால் வந்து தட்டில் ஐந்து விரலையும் ஒற்றினார். ஐம்பத்துநாலு வயது, விமான நிலையத்தில் பெட்டி தூக்கி முதுகு போன பிலிப்பினோக்காரர். வகுப்பே அவரைத் தியோ அண்ணன் என்றுதான் கூப்பிடும்.

"போலீசுலகூட இப்படித்தான் என் கைரேகைய எடுத்தாங்க. அப்பவும் ஒண்ணும் கிடைக்கல," என்றார்.

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள், ஒவ்வொருவராக வைத்தார்கள். கடைசியில் ஸ்லேட்டரி, பயிற்சியாக இருக்கட்டும் என்று முனகிக்கொண்டு, ஈரம் காயாத கையுறையோடு அழுத்தமாக ஒற்றினார். மறுநாள் பேக்கரியிலிருந்து நொயேமி ஒரு சிட்டிகை ஈஸ்டை இரட்டை உறையில் போட்டு எடுத்து வந்தாள். அதைத் தியோ வேறு அறையில் வைத்துத் தட்டில் தீற்றினார்.

அன்றைக்கே ஸ்லேட்டரி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு படிவம். நடந்த தவறு, காரணம், செய்த நடவடிக்கை என்று கட்டம் கட்டமாக, நீல மையில், அவர் கையெழுத்தில். காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: மாணவி நொயேமி அர்கெட்டா, பேக்கரித் தொழிலாளி, உடல் வழியாக ஈஸ்ட் கொண்டுவந்தார். கீழே அவள் கையெழுத்துப் போட ஒரு கோடு.

"இன்னும் தட்டே முளைக்கலையே சார்."

"திங்கக்கிழமை மருந்து ஆலையிலேர்ந்து, வேலைக்கு ஆள் எடுக்கிற டகாக்கி அம்மா வர்றாங்க. கலம் ஏன் கெட்டுச்சுன்னு கேப்பாங்க. பதில் கையில இருக்கணும்." அவர் குரல் இறங்கியது. "இதோ பாரு. நீ கெட்டிக்காரி. அதுல சந்தேகம் இல்ல. பேக்கரிய விட்டுடு, இந்தக் கடைசி ஆறு வாரம் மட்டும். விட முடியாதுன்னா மாடி வகுப்புல உக்காந்து பாடத்த மட்டும் முடி. வகுப்புக்கு வந்தேன்னு ஒரு காகிதம் தர்றேன்."

வகுப்புக்கு வந்தாள் என்ற காகிதத்தை வைத்து வடை சுற்றலாம். ஆலையில் கேட்பது ஆய்வுக்கூடச் சான்றிதழ். அது இருந்தால் பயிற்சி வேலை. பகல் ஷிப்ட், மணிக்கு முப்பத்தொரு டாலர், பல்லுக்கும் கண்ணுக்கும் சேர்த்துக் காப்பீடு. போன வாரம் ஸ்லேட்டரியே டகாக்கி அம்மாளுக்கு அனுப்பிய ஐந்து பேர் பட்டியலில் முதல் பெயர் நொயேமியுடையது. இப்போது ஆய்வுக்கூடத்தை விட்டு மாடி ஏறினால் ஒன்றரை வருடப் படிப்பும் வாசலோடு போயிற்று. பேக்கரியை விடலாம் என்றால், ஆறு வார வாடகையை ஸ்லேட்டரியா கட்டப்போகிறார்?

"கையெழுத்து போட மாட்டேன்," என்றாள்.

"போடலைன்னாலும் அறிக்கை அறிக்கைதான்."

"போகட்டும். என் கையெழுத்து இல்லாம போகட்டும்."

"அப்ப உன் அடையாள அட்டைய வெச்சிட்டுப் போ. திங்கக்கிழமை தட்டு திறக்கும்போது வேணும்னா வந்து நில்லு."

ஆய்வுக்கூடக் கதவைத் திறக்கும் அந்த அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். வெளியே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, அடுத்த பேருந்தையும் விட்டுவிட்டு அதற்கடுத்ததில் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஓய்ந்ததும் கடைக்காரி சோய்லா கதையைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அவனுங்க நம்ம ரொட்டியத் திம்பானுங்க, நம்மளத் தொட்டா அழுக்குன்னுவானுங்க. விட்டுத் தொலை. உனக்கு இங்க என்ன குறை? நாளைக்கே என்னோட இன்னொரு சின்னக் கடைய நீயே பார்த்துக்கோன்னு தர்றேன்."

"இங்க ஒரு குறையும் இல்ல அக்கா. அங்க எனக்குப் பிடிச்சிருக்கு, அதான்."

"என்ன பிடிச்சிருக்கு? எலிக்குட்டிக்குக் கஞ்சி ஊத்துறதா?"

நொயேமிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உண்மை அதுதான். மாவு எதற்கு எழும்புகிறது என்று இருபத்தாறு வருடம் கைக்குத் தெரிந்திருந்தது, புத்திக்குத் தெரியவில்லை. முதல் நாள் நுண்ணோக்கியில் தன் கடை ஈஸ்டைத் தானே பார்த்தபோது, ஒவ்வொன்றும் முட்டை மாதிரி உருண்டு, பக்கத்தில் ஒரு குட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றதைக் கண்டு வகுப்பு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. அந்த இடத்தை எவன் சொன்னாலும் விட மாட்டாள்.

அன்றைக்கு முழுவதும் ஒரு சந்தேகம் மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருவேளை நானாகவே இருந்தால்? மூக்கு பொய் சொன்னால்? அப்படி இருந்தால் என்ன செய்வது என்பதையும் அடுப்படியிலேயே முடிவு செய்துகொண்டாள். தன் கையில் முளைத்தால் தன் கையால் எழுதுவாள். ஆனால் முளைப்பதற்கு முன்னால் எழுதியதற்குத் தலையாட்ட மாட்டாள்.

திங்கள் மதியம் வகுப்பு நிறைந்திருந்தது. டகாக்கி அம்மாள் வந்திருந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, கையில் ஒரு நோட்டு, அதிகம் பேசாத பெண்மணி. ஸ்லேட்டரி அவருக்குப் படிவத்தைக் காட்டினார். அவர் படித்துவிட்டு முகம் மாறாமல் மேசைமேல் வைத்தார். நொயேமியிடம் அட்டை இல்லாததால் தியோ கதவைத் திறந்துவிட்டு உள்ளே அழைத்துவந்தார்.

"தட்டுகள எடுங்க," என்றார் ஸ்லேட்டரி.

தியோ கதகதப்புப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். தியோவின் தட்டு துடைத்துவிட்ட மாதிரி. ப்ரைஸின் தட்டில் ஏழெட்டு மஞ்சள் புள்ளி, மனிதத் தோலில் இருக்கும் சாதாரணக் கிருமி. ஓரிரண்டு சுத்தம், ஓரிரண்டில் ஏதோ ஒன்று. பிறகு நொயேமியின் தட்டு. தியோ அதை எடுத்துப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. சட்டென்று உடம்பால் மறைத்துக்கொண்டு அவள் காதுகிட்டே வந்தார்.

"அம்மாடி, இதுல ரெண்டு புள்ளி இருக்கு. வெள்ளையா. கை தவறிக் கீழ போட்டுரட்டுமா? எனக்குதான் முதுகு சரியில்லையே, எல்லாரும் நம்புவாங்க."

அவள் தட்டை வாங்கிப் பார்த்தாள். விரல் பட்ட ஐந்து இடமும் சுத்தம். கை ஓரத்தை ஒற்றிய இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளி. மொழுமொழுவென்று, பால் ஏடு நிறத்தில். பக்கத்தில் இருந்த கடை ஈஸ்டின் தட்டிலும் அதேதான், அச்சு மாறாமல்.

"அண்ணே, உங்க முதுகுக்கு ஒண்ணும் ஆக வேணாம்," என்று சொல்லிவிட்டு, தட்டை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறமாதிரி மேசையின் நடுவில் வைத்தாள். "என் தட்டு. ரெண்டு புள்ளி. எங்க கடை ஈஸ்ட்டு. கிளவுசுக்கும் சட்டைக் கைக்கும் நடுவுல இடைவெளி விட்டிருக்கேன்."

ஸ்லேட்டரி மூச்சை இழுத்துவிட்டார். வென்ற மகிழ்ச்சியெல்லாம் இல்லை. முடிந்ததே என்ற நிம்மதி. "நேர்மையா சொன்னதுக்கு நன்றி, நொயேமி. நான் சொன்னதுதான்..."

"இன்னும் முடியல சார். கலத்தோட தட்டு எங்க?"

தியோ கலத்துத் தட்டை வைத்தார். மூடியைத் திறந்ததும் ப்ரைஸ் அவனையறியாமல் விசில் அடித்தான்.

தட்டு முழுக்க இளஞ்சிவப்பு. ரோஜா நிற மெழுகைச் சொட்டு சொட்டாக விட்ட மாதிரி. ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை.

"வெள்ளை எனது," என்றாள் நொயேமி. "இது யாருது?"

ஒரு தட்டு மட்டும் பாக்கி இருந்தது. தியோ அதை எடுக்கத் தயங்கினார். அவளே எடுத்து வைத்தாள். மூடியில் ஸ்லேட்டரி என்று எழுதியிருந்தது. உள்ளே ஐந்து விரலும் அச்சு எடுத்த மாதிரி, ஒவ்வொரு விரல் இடத்திலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள். எண்ணவே தேவையில்லை.

ஸ்லேட்டரி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருட அனுபவம் பொய்யில்லை. அவருக்கு உடனே புரிந்தது: இதுவும் ஈஸ்ட்தான், ஆனால் ரொட்டி ஈஸ்ட் இல்லை, தேங்கிய ஈரத்தில் வளரும் வேறு வகை. விறுவிறுவென்று வெந்நீர்த் தொட்டிக்குப் போய் மூடியைத் தூக்கினார். தண்ணீர் மட்டம் நிற்கும் இடத்தில் சுற்றிலும் ஒரு ரோஜா நிறப் பிசுக்கு. ஊட்டத் திரவ பாட்டில்கள் எல்லாம் அதில் கழுத்துவரை உட்கார்ந்துதான் சூடாகின்றன. அதிலிருந்து பாட்டில், பாட்டிலிலிருந்து கை, கையிலிருந்து கலம். மூலையில் போட்ட ஈரத்துணி நாற்றமும் அங்கேதான் அடித்தது.

தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு அட்டவணை. வாராவாரம் தண்ணீரை மாற்றித் துடைத்துவிட்டுக் கையொப்பம் இட வேண்டும். எல்லா வாரத்துக்கும் பி.எஸ். என்று ஸ்லேட்டரியின் கையொப்பம் ஒழுங்காக இருந்தது. வசந்தகால விடுமுறையில் கல்லூரி பூட்டிக் கிடந்த வாரத்துக்கும் இருந்தது. செய்யாததைச் செய்ததாக எழுதுவதைவிடப் பெரிய பாவம் அந்தத் தொழிலில் இல்லை. டகாக்கி அம்மாள் அட்டவணையை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தார். நோட்டைத் திறந்து அந்த விடுமுறை வாரத்தின் தேதியை எழுதிக்கொண்டார்.

"மொத்தமா ஒரே நாள்ல கையெழுத்து போட்டேன்," என்றார் ஸ்லேட்டரி, யாரும் கேட்காமலே. காது சிவந்திருந்தது. "திறந்தே பார்க்கல." பிறகு மேசைக்கு வந்து, தன் கையால் எழுதிய படிவத்தை எடுத்து இரண்டாக மடித்தார். "இது வேணாம். புதுசா ஒண்ணு எழுதிடறேன். நொயேமி, உன் பேரே அதுல இருக்காது."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. என் பெயர் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டால், நீங்கள் செய்ததும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும் இல்லையா?

"கிழிக்கக் கூடாது சார்."

"உன் நல்லதுக்குத்தான்..."

"எழுதினது எழுதினதுதான், அழிக்கக் கூடாது, மறைக்கக் கூடாது, கிழிக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. தப்பா எழுதிட்டா மேல ஒரே ஒரு கோடு. கீழ இருக்கறது படிக்கிற மாதிரி தெரியணும். பக்கத்துல சரியானத எழுதி, தேதி, கையொப்பம், ஏன் மாத்தினோம்னு காரணம். யார் எழுதினாங்களோ அவங்கதான் திருத்தணும். நான் திருத்த முடியாது. நீங்கதான் திருத்தணும்."

மடித்த காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி, மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் தேய்த்து மடிப்பை நீவி, பேனாவைப் பக்கத்தில் வைத்தாள்.

டகாக்கி அம்மாள் அப்போதுதான் வாய் திறந்தார். "ஒரு விஷயம். போன வாரம் எனக்கு வந்த பட்டியல்ல அஞ்சு பேர் இருந்தாங்க. இன்னைக்குக் காலையில வந்ததுல நாலு. விடுபட்ட ஆள் நீங்களா?"

"ஆமாம்மா."

"நாளைக்கு ஒன்பது மணிக்கு எல்லாரையும் பார்க்கறேன். நீங்களும் வர முடியுமா?"

"ஒன்பது மணிக்கு அடுப்புல ரொட்டி இருக்கும். பதினொண்ணுக்கு வர்றேன்." மூன்று வருடம் கனவு கண்ட வேலை. அதற்கு இப்படியா பதில் சொல்வது என்று தியோ தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் விடவில்லை. "ஆனா அதுக்கு முன்னாடி இந்தப் படிவம் முடியட்டும்மா. மாவுக்காரி இங்க வரலாமா கூடாதாங்கறது இதுல இருக்கு. அத முடிக்காம நான் எங்கயும் வர மாட்டேன்."

டகாக்கி அம்மாள் நோட்டில் ஏதோ எழுதினார். "பதினொண்ணு," என்றார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஸ்லேட்டரியைப் பார்த்தார். வேறு அவசரம் எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஸ்லேட்டரி பேனாவை எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் மாணவி நொயேமி அர்கெட்டா என்று தொடங்கிய வரியின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே அவள் பெயரும் பேக்கரித் தொழிலாளி என்ற சொல்லும் நன்றாகவே படிக்கத் தெரிந்தன. பக்கத்தில் எழுதினார்: வெந்நீர்த் தொட்டி சுத்தம் செய்யப்படவில்லை, பொறுப்பு, பி. ஸ்லேட்டரி. அதற்கடுத்த வரியில், அவள் கேட்காமலே: என். அர்கெட்டாவின் கை ஓரத்தில் பேக்கரி ஈஸ்ட் இரண்டு புள்ளி. கலத்தில் அது இல்லை. அவள் தலையசைத்தாள். அதுவும் உண்மைதானே, இருக்கட்டும்.

தேதி போட்டார். கையொப்பம் போட்டார். திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்: புதிய தகவல் கிடைத்தது.

நொயேமி குனிந்து படித்தாள். "தகவல் புதுசு இல்ல சார்."

"என்ன?"

"வியாழக்கிழமையே நாத்தத்த சொன்னேன். தட்டு முளைக்கட்டும்னு சொன்னேன். தகவல் அப்பவே இங்கதான் நின்னுக்கிட்டிருந்தது. நீங்கதான் கேக்கல."

ஸ்லேட்டரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. தலைமுடியிலிருந்து நகக்கண்வரை, அவர் சொன்ன அத்தனை இடத்திலும் ஈஸ்ட் ஒட்டியிருந்தாலும் இருக்கட்டும், இன்றைக்கு அவள் இங்கிருந்து நகர்வதாக இல்லை.

அவர் மறுபடி குனிந்தார். புதிய தகவல் கிடைத்தது என்பதன்மேலும் ஒரு கோடு இழுத்தார். தேதி. பி.எஸ். பக்கத்தில் மெதுவாக எழுதினார்: விசாரிப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன்.

பேனாவை அவளிடம் நீட்டினார். கூடவே, சட்டைப் பையிலிருந்து அவளுடைய அடையாள அட்டையும் வந்தது. அவள் அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, அடித்த வரிகளையும் விடாமல் படித்துவிட்டு, கீழே இருந்த கோட்டில் கையெழுத்துப் போட்டாள்.